விவாகரத்தானவர் வர வேண்டாம்

பத்தாவது எபிசோடில் நாயகியின் அம்மா வாய் திறக்கலாமா கூடாதா என்பதுதான் மூன்று நாளாகச் சண்டை. ஜப்பானில் ஓடி முடிந்த ஒரு தொடரை ஷாங்காய்க்கு ஏற்றபடி மாற்றி எழுதும் வேலை மெங்யாவுடையது. மூலக்கதையில் நாயகி தானே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு அம்மாவுக்குப் போன் போடுகிறாள். "அப்படியா. உனக்குச் சம்மதம்னா சரி," என்று அம்மா போனை வைத்துவிடுகிறாள். காட்சி ஒரு நிமிடம்கூட இல்லை.

"இதை இங்க போட்டா, டிவி கெட்டுப்போச்சுன்னு ஜனங்க ரிமோட்டைத் தட்டுவாங்க," என்றார் தயாரிப்பாளர் பியான். "பொண்ணு தானா ஒருத்தனைப் புடிச்சிருக்கா. வீடு இருக்கா, வேலை இருக்கான்னு கேக்காம நம்ம ஊர் அம்மா போனை வைப்பாளா? சோஃபால உக்கார வெச்சு பத்து நிமிஷம் கிழிகிழின்னு கிழிக்கணும்."

"எல்லாத் தொடர்லயும் அதானே பியான் அண்ணா? பொண்ணு அழுவா, அம்மா நெஞ்சைப் புடிச்சுக்குவா, கடைசில அம்மா பாத்த பையன்தான் தங்கம்னு முடியும். இதுலயாவது ஒருத்தி வாயைத் திறந்து சொல்லிட்டுப் போகட்டுமே!"

மெங்யாவின் பேச்சைக் கேட்டால் வீட்டில் புலி என்று தோன்றும். வீட்டில் அவள் எலி. கெங் போ என்ற ஒலிப்பதிவாளனோடு இரண்டு வருடமாகப் பழக்கம், அவன் விவாகரத்தானவன், அவன் பெயரைக்கூட இதுவரை அம்மா காதில் போட்டதில்லை. இப்போது அவனுக்குத் தொலைவில் உள்ள குன்மிங் நகரத்தில் வேலை வந்திருந்தது. "நாளைக்குள்ள உங்கம்மாகிட்ட சொல்லு. சொன்னா இங்கயே இருக்கேன். இல்லைன்னா டிக்கெட் போட்டுடுவேன்," என்று நேற்றுச் சொல்லியிருந்தான். கத்திச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. நிதானமாகச் சொன்னான்.

மூலக்கதையை எழுதிய ஒமினே, மெங்யா ஜப்பானிய மரியாதைப்படி 'சென்செய்' என்று அழைக்கும் அறுபதை நெருங்குகிற பெண்மணி, ஒப்புதல் கையெழுத்துக்காக வந்து மூன்று நாளும் மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அன்று மெங்யாவிடம் ஜப்பானிய மொழியில் கேட்டார்.

"மாப்பிள்ளை தேட, பூங்காவுல குடையில பொண்ணோட விவரத்தை ஒட்டி வைப்பாங்கன்னு எழுதியிருக்கியே, அது நிஜமா? எனக்குப் பாக்கணும்."

அன்று சனிக்கிழமை, பிற்பகலே இருவரும் கிளம்பிப் போனார்கள். பூங்காவின் நடைபாதை நெடுக விரித்த குடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தாள், பின்னால் மடக்கு நாற்காலியில் ஒரு அம்மாவோ அப்பாவோ. ஒமினேவுக்குச் சீனம் பேச வராது. ஆனால் ஜப்பானியத்திலும் அதே எழுத்துகள் என்பதால், கண்ணால் பார்த்தே பாதிக்கு மேல் படித்துவிடுவார்.

"பிறந்த வருஷம், உயரம், சம்பளம், வீடு... எல்லாம் இருக்கு. பொண்ணு எங்க?"

"பொண்ணு வரமாட்டா சென்செய். வந்தா படியாது."

சிரித்துக்கொண்டே சொன்ன மெங்யா, ஆறாவது குடையில் நின்றுவிட்டாள். ஊதா நிறக் குடை. ஒரு கம்பி உடைந்து சிவப்பு நூலால் கட்டியிருந்தது. கட்டியவள் அவள்தான். காலையில் கதவோரம் அந்தக் குடை இல்லாததைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

தபால் நிலையத்தில் முப்பது வருடம் முகவரி எழுதிப் பழகிய அம்மாவின் குண்டுகுண்டான கையெழுத்து: 'பெண். 1992, குரங்கு வருடம். உயரம் 163. எழுத்து வேலை. சொந்த ஊர் ஷாங்காய். காதல் அனுபவம் இல்லை. விவாகரத்தானவர் வர வேண்டாம்.'

அவள் பிறந்தது 1991, சீன ராசிக் கணக்கில் ஆடு வருடம். ஆட்டு வருடப் பெண்ணுக்கு அதிர்ஷ்டம் மட்டு என்பார்கள். அம்மா ஒரு வயதைக் குறைத்துக் குரங்காக்கியிருந்தாள். காதல் அனுபவம் இல்லை என்ற மற்றப் பொய்யை அம்மா பொய்யென்று தெரியாமலேயே எழுதியிருந்தாள். மெங்யாவுக்கு முகம் பற்றி எரிந்தது.

அம்மா முதுகைக் காட்டியபடி இன்னொரு பெண்மணியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"போயிடலாம் சென்செய்."

ஒமினே நகரவில்லை. தாளைப் படித்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "உங்கம்மாவா? அப்ப இந்தக் கடைசி வரி... விவாகரத்தானவன்னு சொன்னியே, விமான நிலையத்துல என் பெட்டியைத் தூக்கிட்டு வந்த அந்தப் பையனா?"

மெங்யா தலையசைத்தாள்.

"அந்தப் போன் காட்சி என்னோடது," என்றார் ஒமினே. "எங்கம்மா அப்படித்தான் வெச்சாங்க. திரும்பக் கூப்பிட்டு ஒரு கேள்வியாவது கேப்பாங்கன்னு மூணு நாள் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கேக்கல. நாலு வருஷத்துல அந்தக் கல்யாணம் முடிஞ்சுது. அப்பவும் 'அப்படியா'ன்னுதான் சொன்னாங்க. ஜனங்க அந்தக் காட்சியைப் பாத்துட்டு எவ்வளவு சுதந்திரம்னு எனக்குக் கடிதம் போடறாங்க."

அதற்குள் அம்மா திரும்பிவிட்டாள்.

"அடியே, நீ எங்கடி இங்க?" ஒரு நொடி வெலவெலத்துப் போனவள், மறுநொடி முகத்தை மாற்றிக்கொண்டாள். "வந்ததும் நல்லதாப் போச்சு. லூ அக்கா, ஆளையே பாத்துக்குங்க. போட்டோவுல கள்ளம் கிடையாது."

லூ அக்கா, மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் மெங்யாவைப் பார்த்தாள். "பல்வரிசை நல்லா இருக்கு. என் பையன் பல் டாக்டர், அதான் மொதல்ல அதைப் பாப்பேன். ஆறு மணிக்கு அவனை வரச் சொல்றேன். பொண்ணும் பையனும் ஒரு வேளை சாப்பிடட்டும்."

"சரின்னு சொல்லுடி," என்றாள் அம்மா.

இதுவரை அம்மா எங்கிருந்தோ கொண்டுவந்த ஏழு பேரோடு அப்படிச் சாப்பிட்டிருக்கிறாள். ஏழு முறையும் 'சரிம்மா' என்றுதான் சொன்னாள். இப்போதும் அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் அம்மாவுக்கு மானம் மிஞ்சும். கெங் போ போய்விடுவான்.

"நான் வரலைம்மா. எனக்கு ஆள் இருக்கு. ரெண்டு வருஷமா."

பக்கத்துக் குடைகளிலிருந்து தலைகள் திரும்பின. லூ அக்கா தாளை ஒரு பார்வை பார்த்தாள். "காதல் அனுபவம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க?"

அம்மாவுக்குக் கழுத்துவரை சிவந்தது. "யாரு?"

"கெங் போ. எங்க தொடருக்கெல்லாம் ஒலிப்பதிவு பண்றவர். முப்பத்தாறு வயசு."

"முப்பத்தாறு வரைக்கும் கல்யாணம் ஆகாமயா இருந்தான்?"

மெங்யா குடையின் சிவப்பு நூலைப் பார்த்தாள். அம்மா குடையிலிருந்து தாளைப் பிடுங்கி, பின்பக்கம் திருப்பி, பேனாவோடு அவள் கையில் திணித்தாள்.

"எழுது. வாயால சொன்னா முழுங்குவ, எனக்குத் தெரியும். பொறந்த வருஷம், உயரம், வேலை, வீடு... ஒண்ணு விடாம எழுது."

எழுதியே பிழைக்கிறவள் ஒவ்வொன்றாக எழுதினாள். 1988, டிராகன் வருடம். உயரம் 170. சொந்த வீடு இல்லை. திருமண நிலை... அங்கே பேனா நின்றது. மெல்லிய தாள், அம்மா எழுதிய கடைசி வரி மறுபக்கத்திலிருந்து தலைகீழாகத் தெரிந்தது. அதன் மேலேயே எழுதினாள்: விவாகரத்தானவர். குழந்தை இல்லை.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். தாளை முன்னால் திருப்பினாள், பின்னால் திருப்பினாள். லூ அக்கா பையை எடுத்துக்கொண்டு சொல்லாமல் நழுவிவிட்டாள்.

"எட்டு மாசம்டி. வாரா வாரம், வெயில்ல, மழையில. நீ இந்த உலகத்துக்கே கதை சொல்லுவ, எனக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்ட."

"தப்புதான்மா."

"நான் ஒத்துக்க மாட்டேன்."

"தெரியும்மா."

"யாரு யாரை விட்டுட்டுப் போனது? மாசம் எவ்வளவு வருது? அவனைப் பெத்தவ உன்னைப் பத்தி என்ன சொல்றா? எல்லாத்தையும் நானே கேக்கணும். நாளைக்கு மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிட்டு வா. மாட்டேங்கிறதை அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்றேன்."

அம்மா சொன்னால் செய்கிறவள். நேராகவே சொல்வாள். ஆனாலும் மெங்யா அங்கேயே நின்று கெங் போவுக்கு அனுப்பினாள்: 'சொல்லிட்டேன். டிக்கெட் போடாதே. நாளைக்குத் திட்டு வாங்க வா.'

வாசலை நோக்கி நடக்கும்போது ஒமினே கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"மாட்டேன்னு சொல்லிட்டாங்க."

"அதுக்கா இவ்வளவு நேரம்? எத்தனை கேள்வி கேட்டாங்க?"

"எண்ணலை சென்செய்."

பின்னாலிருந்து, கூட்டத்தைத் தாண்டி, அம்மா கத்தினாள். மெங்யா திரும்பி ஏதோ பதில் கத்தினாள்.

"இப்ப என்ன?"

"அவனுக்கு நண்டு ஒத்துக்குமான்னு கேக்கறாங்க."

ஒமினே நின்றார். கைக்குட்டையைத் தேடி எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பத்தாவது எபிசோட்ல அம்மா பேசட்டும்," என்றார்.