சராசரிக்குக் குறைவான ஆண்டு

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, வானிலை நிலையத்தில் உட்கார்ந்து ஆண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். நாட்டு எல்லைக்குள் வந்த புயல்கள் பதினான்கு. நீண்டகாலச் சராசரி ஏறத்தாழ இருபது. எங்கள் கட்டாந்துவானெஸ் தீவைத் தாக்கியது ஒன்றே ஒன்று. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் குறைவான ஆண்டுதான்.

அந்த ஒன்றின் பெயர் தெலாய். நவம்பர் மூன்றாம் தேதி வந்தது. செத்தவர்கள் இருநூற்றுத் தொண்ணூற்றொருவர். எங்கள் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போன பன்னிரண்டு பேர் அந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் 'காணாமல் போனவர்கள்'.

மதியம் சோற்றைப் பிசையும்போது கிறிசந்தா வந்தாள். பன்னிரண்டு பேரில் ஒருவனான அர்செனியோவின் மனைவி.

"ருஃபினோ அண்ணே, இந்த வருஷம் புயல் கம்மின்னு ரேடியோவுல சொன்னாங்களாமே?"

"எண்ணிக்கைதான் கம்மி. வா, சாப்பிடு."

"எனக்கு ஒண்ணுலயே வயிறு நிறைஞ்சுபோச்சு. பாக்கி ஆறு வரலியேன்னு உங்களுக்கு வருத்தமோ?"

அக்டோபர் கடைசியில் துறைமுகப் பலகையில் 'இதுவரை சராசரியைவிடக் குறைவு' என்று எழுதியவன் நான்தான். நடந்து முடிந்ததைத்தான் எழுதினேன். மீனவர்கள் அதில் வரப்போவதைப் படித்தார்கள். "கடல் இந்த வருஷம் லீவுல போயிருக்கு" என்று அர்செனியோ பலகையைத் தட்டிச் சிரித்தான். எச்சரிக்கை வந்தபோது படகுகள் ரேடியோ எட்டாத தூரத்தில் இருந்தன.

இன்னொரு தட்டில் சோறு வைத்துச் சேம்பிலைக் குழம்பை ஊற்றினேன். உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். இந்தத் தெலாய்ங்கற பேர இனிமே எந்தப் புயலுக்கும் வைக்க மாட்டாங்கல்ல?"

"முந்நூறு பேர் செத்திருந்தா பேரப் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க. இல்லாட்டி நாலு வருஷத்துல அதே பட்டியல் திரும்ப வரும்."

"பன்னெண்டு பேரச் சேர்த்தா?"

"முந்நூத்தி மூணு. ஆனா செத்துட்டாங்கன்னு நீங்க யாரும் நகராட்சிப் பத்திரத்துல கையெழுத்துப் போடலியே."

போடக்கூடாது என்று முதலில் சொன்னவளே அவள்தான். கையெழுத்துப் போட்டால் நாமே கொன்ற மாதிரி என்றாள். மற்றப் பதினோரு பெண்களும் அவள் பின்னால் நின்றார்கள்.

அவள் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். "நாலு வருஷத்துல என் பொண்ணுக்குப் பத்து வயசு. தெலாய் வருது, தெலாய் வருதுன்னு தெருவெல்லாம் மைக் வச்சுக் கத்துவாங்க. அவ கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும்."

"பேர எடுத்தா புயல் வராம இருந்துடாது, கிறிசந்தா."

"அது தெரியாதா எனக்கு? உங்க பலகையப் படிச்சவன் பொண்டாட்டி நான்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு விடியக்காலை பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போனாரு. புள்ளைக்கு ஊட்டிக்கிட்டிருந்தேன். தட்டைத் திருப்பல."

எங்கள் பக்கத்தில், சாப்பாட்டின் நடுவே ஒருவர் கிளம்பினால் மற்றவர்கள் தங்கள் தட்டை ஒரு சுற்றுத் திருப்புவார்கள். போனவர் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக.

"நீங்க பலகையில எழுதினீங்க. நான் தட்டைத் திருப்பல. ரெண்டு பேரும் சேந்துதான் அனுப்பி வச்சோம்" என்றாள். அழவில்லை.

பையிலிருந்து நகராட்சிப் பத்திரத்தை எடுத்தாள். ஒரு மாதமாக மடித்து வைத்ததில் மடிப்புகள் கிழிந்திருந்தன. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, 'என் கணவர் இறந்துவிட்டார் என நம்புகிறேன்' என்ற வரிக்குக் கீழே பெயரை எழுதினாள். சாட்சி என்ற இடத்தைக் காட்டினாள். நான் கையெழுத்திட்டேன்.

எழுந்தாள். சோறு பாதிகூடக் குறையவில்லை.

"உக்காந்து சாப்பிட்டுப் போ."

"பதினோரு வீட்டுக்குப் போகணும். நான் போட்டுட்டேன்னு நான்தானே சொல்லணும்? என்னை ஏசுவாளுங்க."

என் கை தட்டின் விளிம்புக்குப் போனது. அவள் பார்த்துவிட்டாள்.

"விடுங்கண்ணே. நான் என்ன கடலுக்கா போறேன்?"

அவள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகு தட்டைத் திருப்பினேன். நாலு மணிக்கு அறிக்கையை அனுப்பினேன். இறந்தோர் என்ற இடத்தில் மட்டும் இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று திருத்தினேன். முதல் வரியில் திருத்த ஒன்றுமில்லை. சராசரிக்குக் குறைவு.