நெல்லுக் குற்றும் நாள்

"எங்கட அஜந்தாட பேரப் போடுங்க வண்ணக்கர்," என்று கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று, நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கரிடம் என்னைக் காட்டிச் சொன்னாள் என் கணவனின் அக்கா தங்கரூபி. "அவளுக்கு உள்ளுக்குக் கிடந்த எல்லாத்தையும் எடுத்தாச்சு. இனித் துடக்குமில்ல, ஒண்டுமில்ல. அவளும் கிழவிதானே!"

சிரித்தார்கள். ஆண்கள் பக்கத்திலும் சிரிப்பு. என் கணவன் மதுரன் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் அம்மன் சடங்கில் படையலுக்கு நெல்லுக் குற்ற, மாதவிலக்கு நின்ற பெண்களைத்தான் எடுப்பார்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சென்ற ஆண்டு கட்டி வந்து சூலகங்கள் இரண்டையும் எடுத்தார்கள். கருப்பையை விட்டுவிட்டார்கள். மச்சாள் தங்கரூபி எதையும் கேட்கவில்லை. 'வெறுங்கூடு' என்று மதுரனிடம் சொன்னாள். என் தாய் எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் நின்றுகொண்டுதான் சொன்னாள்.

நான் மறுக்கவில்லை. "ஓம், வாறன்," என்றேன். மார்பிலிருந்து சூடு கிளம்பி முகத்தில் ஏறியது. விசிறிக்கொள்ளாமல் இருந்தேன்.

அந்தச் சூட்டை எனக்கு நன்றாகத் தெரியும். சத்திரசிகிச்சை முடிந்த கையோடு வந்தது. தலையணை நனையும், மூட்டெல்லாம் வலிக்கும், பிள்ளையின் பெயர்கூட வாயில் வராமல் நிற்கும். டாக்டர் றஸீனா ஓமோன் குளிசை தந்த பிறகுதான் ஓரளவு அடங்கியது. ஒன்று தினமும். மற்றது மாதத்தில் பாதி நாட்களுக்கு. அது முடிந்தால் இரத்தம் போகும். அது வீட்டுக்குள் மதுரனுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அடுத்த கிளினிக்குக்கு வாவியைக் கடந்து பட்டணம் போனேன்.

"ஊர்ல சடங்கு வருது டொக்டர். அண்டைக்கு…"

"தள்ளிப் போடணும், அதானே? இந்த மாசம் எல்லாரும் கேக்கிறது இதுதான்."

"இல்ல. அண்டைக்கு வரணும்."

பேனா நின்றது. அவர் என்னைப் பார்த்தார்.

"வர வைக்கச் சொல்லி என்னட்ட ஒத்தரும் கேட்டதில்ல," என்றார். "ரெண்டாவது குளிசைய எப்ப தொடங்கிற, எப்ப முடிக்கிற எண்டு கொஞ்சம் மாத்தித் தாறன். நாள் தப்பினா என்னக் கேக்கப்படாது. மற்றக் குளிசைய மட்டும் விட்டிராதீங்க, எலும்பு தேஞ்சு போயிரும்."

சடங்கு நெருங்க, மச்சாள் ஒரு வெள்ளைச் சேலையோடு வந்தாள். "கிழவியளுக்கு வெள்ளதான் எடுப்புகா," என்று விரித்துக் காட்டினாள். வாங்கி மடித்து வைத்தேன். அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். சீனி போதுமா என்றும் கேட்டேன்.

நாள் தப்பவில்லை. விடியும்போதே அடிவயிறு இழுத்தது.

அம்மனோடு எனக்குப் பகையில்லை. கோயில் எல்லைக்கு இப்பாலேயே, தெருவில் நின்றுகொண்டேன். உள்ளே உரல்களைக் கழுவி வைத்திருந்தார்கள். வண்ணக்கரும் நின்றார்.

"வாகா, உலக்க உன்னத்தான் பாத்துக்கொண்டிருக்கு!" மச்சாள் ஊருக்கே கேட்கக் கூப்பிட்டாள்.

நானும் ஊருக்கே கேட்கச் சொன்னேன். "வர ஏலாது மச்சாள். காலையில துடக்கு வந்திட்டு."

"பொய்! உனக்கு எப்பிடி வரும்? எல்லாத்தையும் எடுத்ததே!"

"எடுத்தது சூலகம். கருப்பை கிடக்கு. நீங்க ஒரு நாளும் கேக்கல்லையே."

உலக்கை பிடித்திருந்த கிழவி ஒருத்தி நெஞ்சில் கை வைத்தாள். "அடி தங்கரூபி, வயித்துக்குள்ள பாத்தவள்போல பேசினியே! இவள் வாய் திறக்காம உள்ளுக்கு வந்திருந்தா?"

வண்ணக்கர் நிதானமாகத்தான் சொன்னார். "கூட்டத்தில பொறுப்புச் சொன்ன நீ. இந்தச் சடங்கு முடியுமட்டும் உள்ளுக்கு வராத. வெளிய நிண்டு கும்பிடு."

மச்சாள் எல்லையைத் தாண்டித் தெருவுக்கு வந்தாள். மடித்தபடி கொண்டுவந்திருந்த அந்த வெள்ளைச் சேலையை அவள் கையில் வைத்தேன்.

"வெச்சிருங்க. உங்களுக்கும் காலம் கிட்டத்தான் கிடக்கு."

அன்று பின்னேரம் ஒலிபெருக்கியில் குளிர்த்திப் பாட்டு வீடுவரை வந்தது. அம்மனின் சூடு தணியப் பாடும் பாட்டு. அது ஓய்ந்ததும் மதுரன் குளிர்த்தித் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்தான்.

"அக்கா தெருவில நிண்டு அழுறா. முன்னமே சொல்லியிருக்கலாமே நீ."

"உங்களுக்கும் தெரியும்தானே. கூட்டத்தில நீங்க சொல்லியிருக்கலாம்."

சூடு மீண்டும் கழுத்தில் ஏறியது. அவன் செம்பை என் பக்கம் நீட்டினான்.

"எனக்கு வேணாம்," என்றேன். "அக்காட்டக் கொண்டு போங்க. அவவுக்குத்தான் இப்ப எரியுது."