ஏழாம் வகுப்புக் கவலை

ஏழாம் வகுப்பில் நான் எழுதிப் போட்ட கவலைச் சீட்டுக்கு முறை வந்துவிட்டது என்று கடிதம் வந்தது. எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. முப்பத்து நாலு வருடம் ஒன்றும் அதிகமில்லை. என் மேலாளர் என்னைவிட எட்டு வயது சின்னவர். அவர் மூன்றாம் வகுப்பில் போட்ட சீட்டுக்கு இன்னும் கடிதமே வரவில்லை. என் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போது, கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

கடிதம் அனுப்பியது செவிமடல் அறக்கட்டளை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் காசு வாங்காமல் கேட்கிறவர்கள். ஒவ்வொரு பள்ளியிலும் மூடியில் ஓட்டை போட்ட ஒரு பிஸ்கட் டின்னை வைத்திருப்பார்கள். கவலை உள்ள பிள்ளை சீட்டு எழுதி அதில் போடலாம். வந்த வரிசைப்படிதான் கேட்பார்கள். கலெக்டர் மகள் போட்டாலும் வரிசைதான். அவர்களிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஒரே ஒரு சிக்கல். சீட்டில் என்ன எழுதினேன் என்பது எனக்கு மறந்துவிட்டது.

மற்றதெல்லாம் நினைவில் இருந்தது. பச்சை மை. ரஃப் நோட்டில் கிழித்த தாள். சத்துணவுக் கூடத்திலிருந்து வந்த சாம்பார் வாசனை. சீட்டைப் போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தது. கவலை மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

சீருடையில் வர வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. வெள்ளைச் சட்டை, நீல அரை டவுசர். தையல்காரரிடம் என் பழைய அளவு இருந்தது. அதன்படியே தைத்துக் கொடுத்தார். சரியாக இருந்தது.

பாதுகாவலரையும் அழைத்து வர வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் இறந்துவிட்டார்கள். பாதுகாவலர் என்றால் யார் என்று கடிதத்தின் பின்பக்கம் விளக்கியிருந்தார்கள். பிள்ளை சாப்பிட்டானா என்று வீட்டில் கேட்கிறவர். என் மனைவிக்கு ஓசூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து கேட்பாள். மிச்சம் ஆறு நாளும் என் மகள் கவிநிலாதான் கேட்பாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், நான் படித்த அதே பள்ளியில். ஆகவே அவள்தான் பாதுகாவலர் என்று முடிவானது.

அவள் படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குத் தேங்காயெண்ணெய் வைத்துத் தலை வாரிவிட்டாள். வகிடு கொஞ்சம் கோணலாக இருந்தது. அப்படியே கிளம்பினோம்.

பள்ளிக்கூட வாசலில் குணசீலன் சார் தொங்கிக்கொண்டிருந்தார். அவர் எங்கள் பி.டி. மாஸ்டர். ஓய்வுக்குப் பிறகு பள்ளிக்கூட மணியாகிவிட்டார். பென்ஷன் ஒழுங்காக வருகிறதாம். வேப்பமரக் கிளையில் வெயில் படாத பக்கமாகக் கட்டியிருக்கிறார்கள், அதில் அவருக்குத் திருப்திதான்.

"டேய் சேதுராமலிங்கம், சட்டைய உள்ள விடு," என்றார்.

உள்ளே விட்டேன். முப்பது வருடமாக என் சட்டையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்தது. கவிநிலா கைக்குட்டையைக் கொடுத்தாள்.

கவலை கேட்கும் அறை தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. நான் படித்தபோது தாழ்வாரத்தில் பன்னிரண்டு வகுப்பறைகள். இப்போது ஓர் அறையைக் கடந்தால் முன்னால் இன்னோர் அறை முளைத்தது. அவசரப்பட்டு நடந்தால் இரண்டு முளைத்தன. அதனால் மெதுவாக நடந்தோம். சுவரில் புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. ஜூன் மாதத்து வாசனை. அதை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டேன். அந்த வாசனைக்காகவே இன்னும் நாற்பது அறை முளைத்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் தமிழய்யா வருகை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் இறந்து பதினெட்டு வருடம் ஆகிறது. முப்பத்தொன்று என்றார். அது என் எண். ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளேன் ஐயா என்றேன். அவர் தலையைத் தூக்காமல் குறித்துக்கொண்டார்.

தாழ்வாரத்தின் நடுவில் ஒரு மேசை போட்டு, பாக்கியவதி என்ற அம்மா உட்கார்ந்திருந்தார். அறக்கட்டளையின் பதிவாளர். கவிநிலாவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அனுப்பி, பாதுகாவலர் கைகழுவிவிட்டு வர வேண்டும் என்றார். பிறகு பதிவேட்டைத் திறந்து என் பெயரைத் தேடினார்.

நான் சர்க்கார் ஆபீசில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறவன். எந்தப் பதிவேட்டையும் தலைகீழாகப் படித்துவிடுவேன். அந்த அம்மா பக்கங்களைப் புரட்டினார். கடைசிப் பக்கங்களில் ஒன்றில் என் மகளின் பெயர் இருந்தது. சே. கவிநிலா, எட்டு 'அ'. போன வருடம் போட்ட சீட்டு.

அது என் மகள்தான், என்ன கவலை என்று போட்டிருக்கிறாள் என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதுங்க. அதெல்லாம் ரகசியம். அப்பாகிட்ட சொல்லவே கூடாது."

அவளுக்கு எப்போது முறை வரும் என்று கேட்டேன். அவர் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார். அறக்கட்டளைக்கு ஒரே ஓர் ஆலோசகர்தான். அவருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பள்ளிகள். கவிநிலாவுக்கு நாற்பத்தேழு வயதாகும்போது கடிதம் வரும் என்றார். விலாசம் மாறினால் தெரிவிக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

என் முறையை அவளுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அதற்கு வழியில்லையாம். முன்பு ஒரு தடவை அப்படி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளின் கவலையும் இடம் மாறிப்போய், இன்றுவரை திருப்பிக் கொடுக்க முடியவில்லையாம். ஒருவர் திருச்சியில் இருக்கிறார், மற்றவர் கப்பலில் இருக்கிறார்.

எனக்குப் பயமாக இருந்தது. தினமும் சாயங்காலம் கவிநிலா வீட்டுக்கு வருவாள். ஸ்கூல் நல்லாப் போச்சுப்பா என்பாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், நல்லது என்பேன். ஒரு வருடத்துக்கு மேலாக இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. நல்லது என்று எத்தனை தடவை சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

அவள் கைகழுவிவிட்டு வந்தாள். மீதித் தூரத்தை நடந்தோம். கேட்டுவிடலாம் என்று ஒவ்வோர் அறை வாசலிலும் வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தேன். என் உயரமும் குறைந்துகொண்டே வந்தது. முப்பதாவது அறையில் அவள் தோள்வரை இருந்தேன். படிக்கட்டு வந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆலோசகர் பெயர் ரெஜினா. வயது இருபத்தாறு. நான் சீட்டு எழுதியபோது அவர் பிறந்திருக்கவில்லை. இருந்தாலும் மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். அறையில் பிள்ளைக்கு ஒரு நாற்காலி, அவருக்கு ஒரு நாற்காலி. பாதுகாவலர் வெளியே பெஞ்சில் இருக்க வேண்டும். எனக்கு நாற்பத்தைந்து நிமிடம். ரெஜினா மிஸ் சீட்டைப் பிரித்து என்னிடமே கொடுத்து, படிக்கச் சொன்னார்.

என் கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது. படித்தேன்.

"என் பக்கத்தில் உட்காரும் தாவீது டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் இடம் காலியாக இருக்கிறது. மதியத்துக்கு மேல் எனக்கு வயிறு வலிக்கிறது."

எல்லாம் வந்துவிட்டது. தாவீதின் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, அரக்கோணத்துக்கு மாற்றலானது. நானும் அவனும் காம்பஸ் முனையால் பெஞ்சின் நடுவில் கோடு கிழித்திருந்தோம். கோட்டைத் தாண்டினால் ஒரு குட்டு. மாங்காய்க் கீற்று வாங்கினால் அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பிரிப்போம், உப்பு அவன் பக்கம் கொஞ்சம் அதிகம் சிந்தும். அவன் போன பிறகு என்னைக் குட்ட யாருமில்லை. ஆனாலும் முழுப் பரீட்சை முடியும்வரை நான் கோட்டைத் தாண்டி உட்காரவில்லை.

இப்போதும் வலிக்கிறதா என்று ரெஜினா மிஸ் கேட்டார். இல்லை, எப்போது நின்றது என்று தெரியவில்லை என்றேன். அவர் சீட்டின் மேல் 'தானே ஆறியது' என்று முத்திரை குத்தினார். அவரிடம் இருந்த முத்திரைகளில் அதுதான் அதிகம் தேய்ந்திருந்தது. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் நான் தாவீதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. மீதி நேரம் அறக்கட்டளைக்குத் திரும்பிவிடும் என்றார் மிஸ். அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம்.

பிள்ளைக்குச் சொல்லத் தெரியாவிட்டால் பாதுகாவலர் சொல்லலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். இங்கே அதுதான் வழக்கமாம். பையனிடம் என்ன கேட்டாலும் அம்மாக்கள்தான் பதில் சொல்கிறார்கள், தடுக்க விதியில்லை என்று அலுத்துக்கொண்டார்.

"எனக்கு வேற ஒண்ணு இருக்கு மிஸ்," என்றேன். "சொல்லத் தெரியல. வெளிய இருக்கவங்களுக்குத் தெரியும்."

கவிநிலாவைக் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பையனுக்கு என்ன பிரச்சினை என்று மிஸ் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். என் கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேசைக் கடிகாரத்தில் கால் மணி நேரம் ஓடியது.

"மத்தியானம் தனியாத்தான் சாப்பிடுறான் மிஸ்," என்றாள். "போன வருசத்துலேர்ந்து. எல்லாரும் ஒண்ணா வட்டமா உக்காருவாங்க. ஒரு நாள் இவன் போனப்ப எடம் இல்லன்னுட்டாங்க. ஏன்னு யாரும் சொல்லல. டப்பாவ எடுத்துட்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போயிருவான். சில நாள் சாப்பாட்ட அப்படியே கொட்டிருவான்."

வீட்டில் என்ன சொல்கிறான் என்று மிஸ் கேட்டார்.

"வீட்ல கேட்டாத்தானே மிஸ். யாரும் கேக்கலன்னா பொய் சொல்ல வேண்டாம். அது ஒரு வசதி."

மிஸ் எழுதிக்கொண்டார். அவனுடைய அப்பா எப்படி என்று கேட்டார். கவிநிலாவின் கை என் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது.

"நல்லவருதான்," என்றாள். "கேக்கத் தெரியாது, அவ்ளோதான்."

மணி அடித்தது. ரெஜினா மிஸ் பேனாவை மூடினார். வெளியே அடுத்த எண்காரர் எழுந்து நிற்பது கதவு இடுக்கில் தெரிந்தது. வழுக்கைத் தலை, அரை டவுசர், கையில் தண்ணீர் பாட்டில். அவருடைய பாதுகாவலர் ஒரு பேரன்.

நான் கையைத் தூக்கினேன். என்ன என்று மிஸ் கேட்டார்.

"அவ இன்னும் முடிக்கல மிஸ்."

வரிசை இருக்கிறது என்றார் மிஸ். எனக்கும் தெரியும். வரிசை எனக்குப் பிடிக்கும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி, கதவுக்குப் போய், அந்த வழுக்கைத் தலைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேரனைப் பார்த்தார். பேரன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினான். இருவரும் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். கவிநிலாவை என் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். மிஸ்ஸுக்கு முதுகு காட்டி, என் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். ரெஜினா மிஸ் விதிப்புத்தகத்தில் எதையோ தேடினார், கிடைக்கவில்லை போலிருக்கிறது, புத்தகத்தை மூடிவைத்தார்.

"மொத நாள் நான் அழலப்பா," என்றாள் கவிநிலா. "ரெண்டாவது நாள்தான்."

இரண்டாவது நாள் என்ன நடந்தது என்று கேட்டேன்.