ப்ரௌசருக்கு டிரான்ஸ்பர்

'ரா' மட்டும் தட்டிடாதீங்க. வேற எந்த எழுத்தை வேணாலும் தட்டுங்க.

மாரீஸ்வரி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கணவர் ஜெயபாண்டியின் ஆள்காட்டி விரல் அவளுடைய லேப்டாப்புக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது. தளவாய்புரத்து நைட்டி கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஆன்லைன் ஆர்டர் எடுக்கிறாள் அவள்.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ராஜபாளையம் வந்ததிலிருந்து அவர் எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கிறார். காலையில் எழுப்புவதற்கு விசில். அடுக்களை டப்பாக்கள் எல்லாம் உயர வரிசையில். எதில் எது என்று தெரியாமல் ஒருநாள் ரசம் புளிக்குப் பதில் வெல்லத்தில் கொதித்தது. நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் சுந்தரபாண்டியனைப் பார்க்கப் போனவர், பால்கோவாவோடும் புது ப்ரௌசர் ஒன்றின் பெயரோடும் திரும்பியிருந்தார்.

"அண்ணன் வீட்டுல அம்புட்டுப் பேரும் மாறிட்டாக. விளம்பரமே வராதாம்."

"வந்தா வந்துட்டுப் போகுது. தள்ளிவிட்டா தீர்ந்துச்சு."

"டிரான்ஸ்பர்னா டிரான்ஸ்பர்தான் ஏட்டி. முதல்ல பழசு எம்புட்டு வேகம்னு பார்ப்போம். ராஜபாளையத்துல இன்னைக்கு மழை உண்டான்னு கேட்போம்."

'ரா' தட்டினார். மீதியைப் பழைய ப்ரௌசரே எழுதிக் காட்டியது: ராணுவத்தில் மறுபடி சேர வயது வரம்பு.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார்.

"இது நீ தேடுனதா?"

"ம்" என்றாள்.

ஜெயபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். "யூனிஃபார்ம்ல நான் இருந்த இருப்பு உனக்கு இன்னும் மறக்கலை, என்ன?"

வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவில் வந்துபோன மனிதரை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. மீதிப் பத்து மாதத்துக்கும் அவரை எப்படிப் பிடிக்கவைத்துக்கொள்வது என்பதுதான் தெரியவில்லை. அதை யாரிடம் போய்க் கேட்பது?

"மறக்கலைங்க" என்றாள். அது பொய்யுமில்லை.

உற்சாகத்தோடு அவர் புது ப்ரௌசரைத் திறந்தார். பழையதிலிருக்கும் வரலாறு முழுவதையும் இங்கே கொண்டுவரட்டுமா என்று அது கேட்டது.

"வரலாறுன்னா?"

"நான் இதுவரை தேடுனதெல்லாம்."

"அப்போ கண்ணை மூடிக்கிட்டு ஏத்தக் கூடாது. யூனிட் மாறும்போது பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சாமானா வாசிச்சுச் சரிபார்த்துத்தான் லாரியில ஏத்துவோம். நீ வாசி, நான் சரி சொல்றேன்." அவர் முகம் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்ததுபோல் பூரித்திருந்தது. "என்னைப் பத்தி நீ இன்னும் என்னென்ன தேடியிருக்கன்னு பார்த்துருவோம்."

அவரைப் பற்றி இருக்கத்தான் செய்தது. விசில் சத்தத்தால் காது கெடுமா. செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் தங்கி வேலை பார்க்க வாட்ச்மேன் தேவையா. அவரைப் பற்றி இல்லாததும் இருந்தது. நாற்பத்தாறு வயதில் நீச்சல் வருமா. ஆளில்லாத வீடு கனவில் வந்தால் என்ன பலன். பதில் கிடைத்ததா என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. கேட்டபோது பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் சிரிக்கவில்லை, யாரும் சரி சொல்லவில்லை. அந்த நிம்மதிதான் நினைவிருந்தது.

"வாசி ஏட்டி. முதல்ல என்ன?"

மாரீஸ்வரி லேப்டாப்பைத் தன் பக்கம் மெல்லத் திருப்பிக்கொண்டாள்.

"புதுசுக்கு மாறிக்கிறேங்க. இதை மட்டும் வாசிக்கச் சொல்லாதீங்க."

"ஏன், என்ன இருக்கு அதுல?"

"நான் வாசிக்கலைங்க" என்றாள், குரலை உயர்த்தாமல்.