மடுகரைப் பக்கம் இழுக்கும் வண்டி

ஜாக்கியில் தூக்கி நிறுத்திய பிக்கப்பின் இடது முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினான் கலைவேந்தன். உள்ளேயிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. அவன் முகம் மலர்ந்தது.

“கேட்டியா? பால் ஜாயிண்ட் போச்சு. வண்டி லெஃப்ட்டுல இழுக்கறதுக்கு இதான் காரணம். வேற ஒரு மண்ணும் இல்ல.”

“நான் இன்னா சொன்னேன் மாமா?” என்றாள் அவன் மனைவி வெண்ணிலா. ஸ்பேனர் தட்டோடு பக்கத்தில் குந்தியிருந்தாள்.

“வாயால சொல்லல. மூஞ்சியால சொல்ற.”

ஏம்பலத்தில் அவர்கள் தெரு உச்சி வெயிலில் காலியாகக் கிடந்தது. வீட்டுக்கு மேற்கே கரும்பு. காற்றே இல்லை, ஒரு தோகைகூட அசையவில்லை. கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திய ஃப்ரீசர் பெட்டி இருந்தது. சாவு வீடுகளுக்கு அதை வாடகைக்குக் கொண்டுபோவதுதான் கலைவேந்தனுக்கு இப்போது தொழில்.

பங்குனி வரைக்கும் மூலக்குளத்தில் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தான். கேனை இறக்குவான், காலி கேனைத் தூக்குவான், ‘வரேங்க்கா’ என்பான். நாளெல்லாம் சொல்லிச் சொல்லி அது அவன் வாயிலேயே தங்கிவிட்டது. சாவு வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சொல்லாமல் திரும்பி நடந்துவிட வேண்டும். சொன்னால், அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வருவதாகச் சொன்னதாகிவிடும்.

மடுகரையில் அரிகரன் என்ற இளைஞனின் அடக்கம் முடிந்து பெட்டியை ஏற்றியபோது, அவன் அம்மா பவுனம்மாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, “வரேம்மா” என்றான் கலைவேந்தன். வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பவுனம்மாள் மட்டும் தலையாட்டினாள். “சரிப்பா, வா.”

அந்த வீட்டில் இப்போது இருப்பது பவுனம்மாள் ஒருத்திதான்.

அன்றிலிருந்து வண்டி இடது பக்கம் இழுத்தது. மடுகரை ரோட்டில், அவள் வீட்டுச் சந்து வரும்போது, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் மடக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: “நான் சொன்ன வார்த்தை அந்த அம்மாவைக் கொன்னுடுமோன்னு இருக்குதுடி.” வில்லியனூரில் தெரிந்த மெக்கானிக் இருந்தும் வண்டியை அங்கே விடவில்லை. சாமானை வாங்கி வந்து வீட்டு வாசலிலேயே பிரித்தான். தேய்ந்த இரும்பைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் அவனுக்கு.

சேஸிஸுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்தான். சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கியைச் சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்முக்கு மாற்றினான். பின்னைப் பிடுங்கி நட்டைத் தளர்த்தினான், ஆனால் முழுசாக எடுக்கவில்லை.

“ஏன், எடுத்துடு.”

“எடுத்தா ஆர்ம் துள்ளி மூஞ்சியைப் பேத்துடும். அப்புறம் நம்ம பெட்டி நமக்கே.”

“வாயை மூடு மாமா.”

பக்கவாட்டில் சுத்தியலால் அடித்தான். அடிக்க அடிக்க அசையாமல் இருந்தது, திடீரென்று டங்கென்று விட்டுக்கொடுத்தது. மேலும் கீழும் இருந்த இரண்டு ஜாயிண்டும் விடுபட்டன. சக்கரம் மாட்டும் இரும்பைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, நேராக நிறுத்திவிட்டுக் கையை எடுத்தான்.

அது மெதுவாகத் திரும்பியது. வண்டி வடக்குப் பார்த்து நின்றது. அந்த இரும்பு மேற்கே பார்த்து நின்றுகொண்டது.

“வெயிட்டுலதான் திரும்புது” என்றான் கலைவேந்தன். மறுபடி நேராக்கினான். மறுபடி திரும்பியது, தூக்கத்தில் புரண்டு படுப்பவர்கள் போல, அவசரமே இல்லாமல்.

வெண்ணிலா மேற்கே பார்த்தாள். கரும்புதான் தெரிந்தது. கரும்பைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் மடுகரை. அவன் மூன்றாவது தடவை நேராக்கிப் பார்க்கவில்லை.

கழற்றிய ஜாயிண்டைத் துணியில் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். கிண்ணத்துக்குள் உருண்டை லொடலொடவென்று ஆடியது. இமையில்லாத கண்ணைக் கையில் வைத்திருப்பது போலிருந்தது அவளுக்கு. புதியதைக் கொடுத்தான். அது கையால் அசைக்கவே முடியாத அளவுக்கு இறுக்கமாக இருந்தது.

“இப்ப சொல்லு. இரும்பா, வேற எதாவதா?”

“இரும்புதான்.”

“இரும்புதான்!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். கேட்க யாருமில்லை.

வலது பக்கத்தையும் மாற்றி, கிரீஸ் அடித்து, சக்கரங்களை மாட்டி முடித்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. “ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்துட்டு, அப்படியே வீல் அலைன்மெண்டுக்கு வுட்டுடலாம். ஏறு” என்றான்.

“மடுகரை ரோட்டுலயே போ மாமா” என்றாள் வெண்ணிலா. “பெட்டி இல்லாம அந்த வூட்டுக்குப் போயிட்டு வந்துட்டா, நீ சொன்ன சொல்லு தீர்ந்துடும் இல்ல?”

அவன் அவளைப் பார்த்தான். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று நினைத்தான்.

வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடியது. பள்ளத்தில் இறங்கியபோதும் சத்தம் இல்லை. சந்து நெருங்கியதும் ஸ்டியரிங்கிலிருந்து கையை லேசாக எடுத்துப் பார்த்தான். வண்டி நேராகவே போனது. அவன்தான் திருப்ப வேண்டியிருந்தது.

கலைவேந்தன் மட்டும் இறங்கினான். பவுனம்மாள் வாசலில் நின்றிருந்தாள். தெளித்த தண்ணீர் காயாமல் இருந்தது. அவளுக்குப் பின்னால், கூடத்தில், சாமான் எல்லாம் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. நடுவில் இரண்டு பெஞ்சுகள், ஓர் ஆள் நீளம் இடைவெளி விட்டு. உள்ளறையிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, ப்ளக் பெட்டியை ஒரு பெஞ்சின் காலடியில் வைத்திருந்தாள்.

“வந்துட்டியா? அன்னிக்கு ஒயர் எட்டலன்னு அலைஞ்சியே, அதான் இழுத்து வச்சிட்டேன். எறக்குப்பா.”

“பெட்டி கொண்டாரலம்மா. சும்மா பார்க்கத்தான்…”

அவள் வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். மழை வராத வானத்தைப் பார்ப்பது போல அந்தக் காலித் தகட்டைப் பார்த்தாள். “அப்ப எதுக்கு வந்த?” என்றாள். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.

கலைவேந்தன் வண்டியில் ஏறி எஞ்சினைப் போட்டான். பவுனம்மாள் ஜன்னலருகே வந்தாள்.

“சொல்லிட்டுப் போ.”

அவன் வாயைத் திறந்தான். சொன்னால் பழைய சொல் மறுபடி உயிர்பெறும். சொல்லாமல் போனால், உயிரோடு நிற்கிறவளின் வீட்டைச் சாவு வீடாக்கிவிட்டுப் போனதாகிவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுபக்கக் கதவு திறந்தது. வெண்ணிலா இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள்.

“நீ அலைன்மெண்டு பாத்துட்டு வா மாமா. நான் அம்மாகூட இருக்கேன்.” பவுனம்மாளின் கையைப் பிடித்தாள். “இன்னாம்மா இது, உங்க கை இம்மாம் சில்லுன்னு இருக்குது? சாப்டீங்களா?”

பவுனம்மாள் யோசித்தாள். “தெரியலியே” என்றாள்.

வண்டி சந்தில் மெதுவாக நகர்ந்தது. கலைவேந்தன் கண்ணாடியில் பார்த்தான். கூடத்துக் கதவு அகலத் திறந்திருந்தது. ஒரு பெஞ்சில் பவுனம்மாள் உட்கார்ந்தாள். அடுத்ததில் வெண்ணிலா உட்கார்ந்தாள். இருவருமே பெஞ்சை நெருக்கிப் போட்டுக்கொள்ளவில்லை. நடுவில் இருந்த இடைவெளியை, அங்கே யாரோ இருப்பது போல, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.