கிணற்றடிப் பெண்ணின் சேலை

கொழும்பில் எங்களுக்கு அதுதான் கடைசி நாள். இரவு ரயிலேறி விடியற்காலம் கப்பலைப் பிடித்தால், அப்புறம் தனுஷ்கோடி, அப்புறம் ஊர்.

"இன்னைக்காவது அந்தப் படத்தைப் பாத்துருவோமா மதினி?" என்று ரோஸ்மேரி காலையில் காபி கொடுக்கும்போதே கேட்டாள். ரோஸ்மேரி என் கணவரின் தங்கை. கொழும்பில் கட்டிக்கொடுத்திருந்தோம். விடுமுறைக்கு அவள் வீட்டில்தான் தங்கியிருந்தோம்.

வந்த நாள் முதல் தினமும் இதைக் கேட்டாள். நான் தினமும் ஒரு பதில் வைத்திருந்தேன். முதலில் கொச்சிக்கடை அந்தோணியாரைக் கும்பிட்டுவிட்டு வருவோம் என்றேன். பிறகு, பிள்ளை கடல் பார்க்கவேண்டும் என்கிறாள் என்றேன். பிறகு மிருகக்காட்சி சாலை. மற்றவர்களுக்காக மதினி விட்டுக்கொடுக்கிறாள் என்று ரோஸ்மேரி நினைத்துக்கொண்டாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் எனக்குப் பயம்.

அந்தப் படத்தின் அச்சுப் பிரதி ஒன்று திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில், இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. ரோஸ்மேரி அனுப்பிய கொழும்புப் பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டிக் கண்ணாடி போட்டது. கறுப்பு வெள்ளை. கிணற்றடியில் ஒரு பெண், குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூந்தலை அள்ளி முடிகிறாள். முகம் தெரியாது. முதுகும், தூக்கிய கைகளும், சேலையும்தான். அடியில் ஓவியரின் பெயரும், அசல் படம் கொழும்புச் சித்திரக்கூடத்தில் இருப்பதாக ஒரு வரியும் இருந்தன.

அவள் கட்டியிருப்பது என்ன நிறச் சேலை என்பதில்தான் எங்கள் வீட்டில் ஓயாத சண்டை. என் கணவர் ராயப்பராஜுக்கு டவுனில் துணிக்கடை. "மடிப்பு விழுகிறதப் பாத்தாலே தெரியலையா? சின்னாளபட்டிச் சுங்குடி. அரக்குக் கலரு" என்பார். கொழுந்தன் ஸ்தனிஸ்லாஸ் கடுகு மஞ்சள் என்று அடித்துப் பேசுவான். என் மகள் செல்விக்குக் கிளிப்பச்சை. என் மாமியார், "கையில ஒரு வளவியக் காணோம். வெள்ளச் சேலதேன், பாவம்" என்று உச்சுக்கொட்டுவார். பேச்சு முற்றிப் பந்தயமாகிவிட்டது. யார் சொன்ன நிறம் சரியோ அவர் கேட்கிற வெஞ்சனம்தான் ஒரு மாதத்துக்குச் சோற்றோடு. நாங்கள் கிளம்பும்போது மாமியார், "கருவாட்டுக்குச் சொல்லி வச்சிருறேன்" என்றுதான் வழியனுப்பினார்.

என்னையும் கேட்காமல் இல்லை. "ஆக்கிப் போடுறவளுக்கு எதுவா இருந்தா என்ன?" என்று மழுப்பிவிடுவேன். ஆனால் என்னிடமும் ஒரு நிறம் இருந்தது. ஆயக்குடிக் கொய்யாவைப் பிட்டால் சில பழங்களில் உள்ளே ஓர் இளஞ்சிவப்பு தெரியுமே, ஈரத்தோடு, இப்போதுதான் விடிந்த மாதிரி, அந்த நிறம்.

துணிக்கடைக்காரர் மனைவிக்குச் சேலைக்கா பஞ்சம் என்று ஊரில் சொல்வார்கள். கடையில் விலைபோகாமல் நின்றுவிட்ட நிறங்கள்தான் எனக்கு வரும். அவர் கஞ்சத்தனத்தில் கொடுத்ததில்லை. "இது ஒனக்கு எடுப்பா இருக்கும் லூர்து" என்று மனதார நம்பித்தான் கொடுப்பார். நானும் கட்டிக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு குறை இருந்தது என்பதுகூட எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் சோறு போட்டுவிட்டு நிமிரும்போது அந்தப் பெண் கொய்யா நிறத்தில் நிற்பாள். நான் உடுத்திவிட்ட சேலை. அதை வெளியே சொன்னால் கடைப் பலகையில் போட்ட துணி மாதிரி ஆளாளுக்குப் புரட்டிப் பார்த்து, தள்ளி வைத்துவிடுவார்கள். அதனால் சொன்னதில்லை.

இப்போது அசல் படம் இதே ஊரில் ஏதோ ஒரு சுவரில் தொங்குகிறது. ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டால், அதன்பின் ஆயுசுக்கும் அந்த நிறம்தான் என் கண்ணில் நிற்கும். என்னுடையது போய்விடும். அதற்குத்தான் பயந்தேன்.

முதலில் மியூசியத்துக்குப் போனோம். அங்கே நேரமாகட்டும், சித்திரக்கூடத்தைப் பூட்டிவிடட்டும் என்று நான் ஒவ்வொரு அறையிலும் காலை இழுத்து நடந்தேன். என் கணவர் எனக்கு உதவியாக இருந்தார். பழைய காலத்துச் சட்டை ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அவர் விட்ட மூச்சில் கண்ணாடி மங்க மங்கத் துடைத்துப் பார்த்தார். "அசல் சரிகை லூர்து. தொட்டுப் பாக்க விடமாட்டேங்கிறானே!" கல்லில் செதுக்கிய தேவதை ஒருத்தியின் முன்னால் நின்று, "கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணுன துணி மாதிரில்ல இருக்கு. எம்புட்டு நேர்த்தி!" என்றார்.

"அண்ணே, கடைய ஊருல விட்டுட்டு வரலையா?" என்று ரோஸ்மேரி கேட்டாள்.

செல்விதான் பொறுக்கவில்லை. "அப்பா, பந்தயம்!" என்று அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

சித்திரக்கூடம் பூட்டியிருக்கவில்லை. உள்ளே சந்தடியே இல்லை. செல்வி முன்னால் ஓடினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவள் குரல் அடுத்த அறையிலிருந்து வந்தது.

"அம்மா... இங்க வாங்களேன்."

ஜெயித்தவளின் குரலாகவோ தோற்றவளின் குரலாகவோ அது இல்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

ஆள் உயரப் படம். அதே கிணறு, அதே முதுகு, அதே தூக்கிய கைகள். கறுப்பு, சாம்பல், தாளின் வெள்ளை. வேறு நிறமே இல்லை.

என் கணவர் கிட்டப்போய்ப் பார்த்தார். பின்னால் வந்து பார்த்தார். காவலுக்கு நின்றவரிடம் போய், "ஏங்க, சாயம் வெளுத்துப் போச்சுங்களா?" என்று கேட்டார்.

அவர் சிரித்தார். "வெளுக்க இதுல கலரே இல்ல ஐயா. இது கரியால கீறின படம். முதல்லயிருந்தே இப்படித்தான்."

ரோஸ்மேரிக்குத்தான் முதலில் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "கடல் தாண்டி வந்து கரியப் பாத்துட்டுப் போறீக அண்ணே!"

"இருக்கட்டுமே" என்றார் என் கணவர். "வரையும்போது அவ ஒரு சேலையக் கட்டிக்கிட்டுத்தான நின்னிருப்பா? அது அரக்குத்தேன்."

"பச்சை!" என்றாள் செல்வி.

"நீ கண்டியா?"

"நீங்க கண்டீகளா?"

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேலை மடிப்பில் கரியை விரலால் தேய்த்துவிட்ட தடம் தெரிந்தது. வரைந்தவர் அவளுக்கு எந்த நிறத்தையும் முடிவு செய்யவில்லை. செய்யாமலே விட்டிருக்கிறார். பார்க்கப் பார்க்க, எங்கள் சாப்பாட்டு அறையில் வருவதுபோலவே, அந்த இளஞ்சிவப்பு மெல்ல ஏறி வந்தது. அங்கே வந்ததைவிடத் தெளிவாக வந்தது. இதற்காகவா இத்தனை நாளும் ஒளிந்து திரிந்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

"கொய்யா" என்றேன்.

மூவரும் திரும்பினார்கள். "என்னது?"

"கொய்யாப்பழ நிறம். ஆயக்குடிக் கொய்யாவப் பிட்டா உள்ள இருக்குமே, அது."

"ரோசாக் கலரா?" என் கணவருக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. "ரெண்டு சேல வாங்கி வச்சா ஒண்ணு அலமாரியிலயே கெடக்கும் லூர்து. ஓடாத கலரு."

"ரோசா இல்ல, கொய்யா. அது விக்கிறதுக்கில்லங்க. அவ கட்டுறதுக்கு."

"தண்ணி எடுக்கிறவ இம்புட்டு வெளிர் கலர் கட்டுவாளா? ரெண்டு நாள்ல அழுக்காயிரும்."

"அழுக்கானா தொவச்சுக்குவா. கிணத்தடியிலதான நிக்கிறா!"

ரோஸ்மேரி கைதட்டினாள். "அப்படிக் கேளுங்க மதினி!"

"நான் அம்மா கட்சி" என்று செல்வி பச்சையைக் கைவிட்டு என் பக்கம் வந்து நின்றாள்.

"சரி, கரை என்ன கலரு? அதச் சொல்லு" என்றார் அவர், விடாமல்.

"கரையே கெடையாது."

"கரையில்லாத சேலையா!" கடையில் தீப்பிடித்தது போலக் கத்தினார்.

"ஏன், கரையில்லாட்டி இடுப்புல நிக்காதா?" என்று நானும் கத்தினேன். அந்தக் கூடம் முழுக்க என் குரல் கேட்டது.

காவல்காரர் எங்களிடம் வந்தார். மற்ற மூவரையும் விட்டுவிட்டு நேராக என்னிடம், "அம்மா, கொஞ்சம் மெதுவா கதைக்கணும்" என்றார்.

மெதுவாகப் பேசு என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லும்படி நான் பேசியதும் இல்லை. என் கணவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "கேட்டியா? என்னையச் சொல்லல, ஒன்னையத்தேன் சொல்றாரு" என்றார்.

காவல்காரரிடம் சரி என்று தலையாட்டினேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் கணவர் பக்கம் நகர்ந்து நின்றேன்.

"முந்தி மட்டும் கொஞ்சம் அழுத்தமா இருக்கும்" என்று ஆரம்பித்தேன். "நல்லாப் பாருங்க, சொல்றேன்."