டம்ளரில் மூழ்கிய மணி

சண்முகசுந்தரம் பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று அந்த பிளாக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மனுஷன் யாரோடாவது பேசினால்தானே பொய்யா மெய்யா என்று தெரியும்! மனைவி புஷ்பவல்லி போன பிறகு அவர் வாய் திறந்ததெல்லாம் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் இரைச்சலுக்கு நடுவே "தள்ளி நில்லுலே" என்று கத்துவதற்குத்தான். குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால் அதுவும் கிடையாது.

காரியம் முடிகிறவரை தெருவே கூடி நின்றது, இல்லையென்று சொல்லக்கூடாது. அதற்குப் பிறகு அவரவருக்கு அவரவர் ஷிப்ட். ஒருவன் வேலை முடிந்து வரும்போது இன்னொருவன் கிளம்பிவிடுவான், நைட் ஷிப்ட்காரன் பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவான். யாரைக் குறை சொல்ல? ஆனால் சண்முகசுந்தரத்துக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, பாவம். டிவியில் செய்தி வாசிக்கிற பெண் "வணக்கம்" என்றால் இவரும் "வணக்கம்மா" என்பார். அவ்வளவு தனிமை.

வருஷ திதிக்கு மகன் ஜெயகணேஷ் தான்சானியாவிலிருந்து வந்தான். அங்கே ஒரு சிமென்ட் கம்பெனியில் வேலை. வரும்போது பெட்டிக்குள் துண்டில் சுற்றி ஒரு மரக்கட்டை கொண்டுவந்திருந்தான். ஓரத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு வளையம், உள்ளே முழுக்க மைக்கறுப்பு. சாதாரணக் கட்டைதானே என்று ஒற்றைக் கையில் வாங்கியவர் கனம் தாங்காமல் மறு கையையும் கொடுத்தார்.

"கருங்காலியாடா?"

"இல்லப்பா, இது வேற. அந்த ஊர்ல ம்பிங்கோன்னு சொல்றாங்க. நம்ம நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம் மாதிரி, வெளிநாட்டுல கிளாரினெட் செய்யறதுக்கு இதத்தான் தேடுவாங்களாம். லேசுல கிடைக்காது. உங்ககிட்டதான் லேத் இருக்கே, பொழுது போகும்."

பொழுது போகும்! அப்பனுக்குப் பொழுது போகவில்லை என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு அவன் கண்ட வைத்தியம் ஒரு கட்டை. அதை வைத்துவிட்டு ஒரு வாரம்கூட நிற்காமல் விமானம் ஏறிவிட்டான்.

வராந்தா மூலையில் கிடந்த சின்ன லேத்தைத் துடைத்து, கட்டையை அறுத்து மாட்டினார். எத்தனையோ மரம் கடைந்த கைதான், இருந்தாலும் இந்த மரம் அவரை அசத்திவிட்டது. உளியை ஒழுங்காகத் தீட்டாமல் கிட்டே போனால் கிறீச்சென்று கோபித்துக்கொள்ளும். தூள் விரலிடுக்கில் அப்பி அரிக்கும். பாலிஷ் ஒன்றும் போடாமல் பழைய பனியனால் துடைத்ததற்கே அப்படியொரு பளபளப்பு! குங்குமச் சிமிழ் ஒன்று கடைந்தார். யார் வைத்துக்கொள்ள? அதற்குப் பிறகு மணி மணியாகக் கடைய ஆரம்பித்தார். மணி கடையக் காரணம் ஒன்றும் வேண்டியதில்லை.

ஊரெல்லாம் கருங்காலி மாலைப் பித்துப் பிடித்து அலைந்த சமயம் அது. சட்டைப் பையில் கிடந்த நாலு மணியை எடுக்காமலே சட்டையை இஸ்திரிக்குப் போட்டுவிட்டார் மனுஷன். எதிரே வாகை மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிற புவனா மணியும் கையுமாக ரோட்டைத் தாண்டி வந்துவிட்டாள்.

"சார், இது உங்க பாக்கெட்ல இருந்துச்சு. கருங்காலிங்களா? எங்க வூட்டுக்காரரு வடலூர்ல ஒண்ணு வாங்கினு வந்து சட்டையெல்லாம் சாயம் ஒட்டிக்கிச்சு. இது அசலு மாதிரி இருக்குதே!"

பேச்சுச் சத்தம் கேட்டுப் பக்கத்து குவார்ட்டர்ஸ் வேணு எட்டிப் பார்த்தார். எலக்ட்ரிகல் செக்‌ஷன். உலகத்தில் எதற்கும் யூடியூபில் பார்த்த ஒரு டெஸ்ட் வைத்திருப்பவர்.

"ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்க. மிதந்தா டூப்பு, மூழ்கினா ஒரிஜினல்."

மணி ணங்கென்று டம்ளர் அடியில் போய் உட்கார்ந்தது.

"ஒரிஜினல்!" என்று வேணு கை தட்டினார். "சார், கமுக்கமா வச்சிருந்தீங்களே! ஒரு காபி போடுங்க, எங்க கிடைச்சுதுன்னு சொல்லுங்க."

'இல்லை' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. ஆனால் அதற்குள் வேணு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார், புவனா வராந்தாப் படியில் குந்திவிட்டாள். இல்லை என்றால் எழுந்து போய்விடுவார்களே!

"ஆமா, கருங்காலிதான்" என்றார் சண்முகசுந்தரம். காபி போட உள்ளே போனவருக்கு, எத்தனை பேருக்கு எவ்வளவு பால் என்ற கணக்கே மறந்து போயிருந்தது.

அப்புறம் பார்க்க வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் மாலை கேட்டு வந்தவர்களின் செருப்பு வராந்தாவில் ஏழெட்டு ஜோடி. காசு வாங்கமாட்டார். ஆனால் சொன்ன நாளில் மாலையையும் கொடுக்கமாட்டார். மணியெல்லாம் கடைந்து தயாராக டப்பாவில் கிடக்கும், வாயோ "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லும். அடக் கள்ளா! வந்தவர்கள் உட்கார்ந்து ஷிப்ட் கதை, அரியர்ஸ் கதை, பெண்ணுக்கு வரன் பார்த்த கதை எல்லாம் பேசுவார்கள். இவர் ஒரு பக்கம் லேத்தை ஓட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். டிவிக்கு வணக்கம் சொல்வது தானாக நின்றுபோயிற்று.

முதல் மாலை புவனாவின் புருஷன் பாலகுமாருக்குத்தான் போயிற்று. அவனும் மைன்ஸில்தான், கன்வேயரில் கான்ட்ராக்ட் ஆள்.

ஒருநாள் காலை ஷிப்டில் பெல்ட் ஓரமாக நடந்து வந்த சண்முகசுந்தரம் அப்படியே நின்றுவிட்டார். பாலகுமார் குனிந்து, சிந்திய கரியை ஷவலால் வாரிக்கொண்டிருந்தான். காலருக்குள் மறைத்திருந்த மாலை வெளியே நழுவி, சுற்றுகிற ரோலருக்கு ஒரு சாண் தள்ளி ஊசலாடியது. பாய்ந்து போய் அவன் சட்டையைப் பின்னால் பற்றி இழுத்தார்.

"கழட்டுலே அத! கழுத்துல கயித்தக் கட்டிக்கிட்டு ரோலர்கிட்ட குனியுதியே, இழுத்தா தலையே போயிரும்!"

"கழட்ட மாட்டேன் சார். பர்மனென்ட் ஆவற வரைக்கும் கழட்டறதில்லன்னு சாமிகிட்ட வேண்டிகினு போட்டது. நீங்க குடுத்த அசலு கருங்காலி. அதுவே என்னைக் காப்பாத்தும்."

சிரித்துக்கொண்டே மாலையைச் சட்டைக்குள் தள்ளினான். மேலதிகாரியிடம் சொன்னால் கான்ட்ராக்டர் அன்றைக்கே வேறு ஆளைப் போட்டுவிடுவார், அவன் பிழைப்பு போய்விடும். அதட்டினார், கெஞ்சினார், அவன் மசியவில்லை. மாலையைக் கழற்ற வைக்க ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. அந்த வழியில் போனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போய்விடும். பஸ்ஸில் வீடு வரைக்கும் வேறு வழி உண்டா என்று யோசித்துக்கொண்டே வந்தார். இல்லை.

மறுநாள் ஞாயிறு. எல்லோரும் வந்திருந்தார்கள், பாலகுமாரும் புவனாவும்கூட. வேணு பஜ்ஜி வாங்கி வந்திருந்தார். சண்முகசுந்தரம் லேத்தை நிறுத்தினார்.

"ஒரு விஷயம் சொல்லணும். இது கருங்காலி இல்ல. என் மவன் ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டாந்த மரம். ஊதுகுழல் செய்யுத மரம். எனக்கு முதல்லயே தெரியும்."

வேணுதான் முதலில் வாய் திறந்தார். "தண்ணில மூழ்கிச்சே சார்!"

"கல்லும்தான் மூழ்கும், வேணு."

ஒருவரும் சிரிக்கவில்லை. பாலகுமார் முகத்தைப் பார்க்க முடியவில்லை அவரால். அவன் எழுந்து, மாலையைத் தலைவழியே கழற்றி லேத் மேல் வைத்தான். வைத்த வேகத்தில் அது வழுக்கிக் கீழே விழுந்தது. எடுக்காமலே போனான். கழற்றிவிட்டான், அது போதும் என்று அவர் தன் மனதுக்குச் சொல்லிக்கொண்டார். மனது கேட்கவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டினார்கள். பஜ்ஜி ஆறிப்போயிற்று.

அடுத்து வந்த ஞாயிறுகளில் யாரும் வரவில்லை. வராமலிருந்தால்கூடப் பரவாயில்லை, இரண்டு மூன்று பேர் மாலையைக் கொண்டுவந்து கேட்டில் மாட்டிவிட்டுக் கூப்பிடாமலே போனார்கள். அவர் உள்ளேதான் இருந்தார். காலடிச் சத்தம் கேட்டது. எழுந்து வெளியே வருவதற்குத்தான் முகம் இல்லை.

பிறகு ஒருநாள் மத்தியானம் புவனா இஸ்திரித் துணியோடு வந்தாள். வழக்கமாகக் கேட்டிலேயே கொடுத்துவிடுகிறவள், அன்றைக்கு உள்ளே வந்து வராந்தா நாற்காலியில் வைத்தாள்.

"ஏன் சார் கருங்காலின்னு சொன்னீங்க? அன்னைக்கே இல்லன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு. அவரு எம்மாம் நம்பிகினு இருந்தாரு தெரியுமா?"

சண்முகசுந்தரம் துணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்கள்லாம் வந்து உக்காந்துட்டீங்க. இல்லன்னு சொன்னா போயிருவீங்கன்னு பயம் வந்துட்டு, அதான்."

கோபமாக வந்த புவனா, அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இதுக்கா சார்? ரோட்டுக்கு அந்தாண்ட நாள் முழுக்க நின்னுகினு இருக்கேன். ஒரு குரல் கூப்ட்டிருந்தா வந்திருக்க மாட்டனா? ஒரு வாய் காபிக்கு மாலை எதுக்கு சார், மரம் எதுக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"இப்பக் கூப்பிடுதேன். உக்காரும்மா, காபி போடுதேன்."

அவள் திரும்பி வாகை மரத்தடியைப் பார்த்தாள். பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது, வண்டி மேல் துணி மலை போல் குவிந்திருந்தது.

"அவருக்கு இன்னிக்கு செகண்ட் ஷிப்ட் சார், சோறு கட்டணும். இன்னொரு நாளைக்கு வரேன்."

"சரிம்மா" என்றார். எந்த நாளைக்கு என்று கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. அவள் ரோட்டைத் தாண்டிப் போய் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போய், ஒரு ஆளுக்குப் பால் ஊற்றி அடுப்பில் வைத்தார்.